கசிந்தது குதிரைப்பால் அல்ல

பெகிமாய் கண்ணே,

அப்பா விட்டுப்போன ஒரு பழைய வண்டிக்காக ஏன் இவ்வளவு பிடிவாதம், பெரியப்பா கேட்கிறார் என்றால் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாதா என்று போன ஞாயிறு கேட்டாய். அப்போது பக்கத்தில் உன் பெரியம்மா சூரியகாந்தி விதை கொறித்தபடி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததால்தான் நான் பேச்சை மாற்றினேன் என்று நினைத்துக்கொள்ளாதே. யாரும் இல்லாதபோதும் அந்தக் கேள்வியை எனக்கு நானே கேட்டுப் பார்த்தேன். பதில் வரவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன், பதில் அதில் எங்காவது இருந்தால் நீயே எடுத்துக்கொள்.

இங்கே நானும் வீடும் நாயும் சுகம். நீயும் சுகம் என்று சொல்கிறாய், ஆனால் அன்றைக்கு நடுவில் மூன்று முறை தொலைபேசியைத் தள்ளி வைத்துவிட்டு இருமினாய், அதனால் அதை முழுதாக நம்பவில்லை. அங்கே கசானில் இப்போதே குளிர் இறங்கியிருக்கும். இந்தப் பொட்டலத்தில் உலர்ந்த தயிர் உருண்டையும், நீ கேட்ட சாம்பல் நிறக் கம்பளிக் காலுறையும், ஆட்டுக்கொழுப்பு ஒரு குப்பியும் வைத்திருக்கிறேன். கொழுப்பை மார்பில் தேய்த்துக்கொள் என்று பெரியம்மா சொல்லச் சொன்னார். அதனால் இருமல் போகும் என்பதற்கு எனக்கு ஆதாரம் எதுவும் தெரியாது. கெடுதல் இல்லை, வாடை வரும், அவ்வளவுதான். மருத்துவரிடமும் போ.

இனி வண்டி. மலை மேய்ச்சலிலிருந்து எல்லோரும் இறங்கிய வாரம், பெரியப்பா வீட்டு மரப்பீப்பாயில் புளித்த குதிரைப்பாலை நிரப்பி நம் வண்டியின் பின்பக்கத்தில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அந்தப் பீப்பாய் உனக்குத் தெரியும், உன் சின்ன வயதிலிருந்தே அது கசிகிறது, இடது பின்சக்கரத்துக்கு மேலே வண்டித் தகட்டில் துருப்பிடித்த ஓட்டை இருப்பதால் எப்போதும் அங்கேதான் சொட்டும். கடைசி இறக்கத்தில், நம் கிராமத்து முதல் வீட்டு மதில் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், பிரேக்கை மிதித்தேன். வெண்ணெயில் கால் வைத்தது போலப் பெடல் இறங்கிக்கொண்டே போய்த் தரையைத் தொட்டது. விட்டு விட்டு மிதித்தேன், கொஞ்சம் பிடித்தது. கியரைக் குறைத்தேன், கைப்பிரேக்கை இழுத்தேன், மதிலுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு கோழி நுழையும் அளவு இடம் விட்டு நின்றது. இதை நான் உனக்குச் சொல்லவில்லை, சொன்னால் பயப்படுவாய் என்று. இப்போது சரிசெய்துவிட்டேன், அதனால் சொல்கிறேன்.

மதிலின் சொந்தக்காரி டீ கொதிப்பதற்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். மறுநாளே கண் பட்டுவிட்டது என்றார்கள். பொம்பளை கை பட்ட வண்டி என்றார்கள். உன் பெரியப்பா சொன்னதாகப் பெரியம்மா வந்து சொன்னது இது: "செத்தவன் வண்டி, அவன் போன எடத்தையே தேடிக்கிட்டுப் போவுது. ஒரு ஆட்டை அறுத்து ரத்தத்தைச் சக்கரத்துல தடவிட்டு, வண்டியை நம்ம மாப்பிள்ளைகிட்டக் குடுத்துடணும். சாய்ரா நம்ம முற்றத்து வீட்டுக்கே வந்துடட்டும்." அக்கறையில்தான் சொல்கிறார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கணக்கு எனக்குப் புரியும். சந்தை நாளைத் தவிர நம் ஊரிலிருந்து நாரின் நகரத்துக்குப் பேருந்து கிடையாது. வண்டி போனால் அங்குள்ள தண்ணீர்ப் பரிசோதனைக்கூட வேலைக்கு நான் போக முடியாது. வேலை போனால் இந்த வீட்டைத் தனியாக வைத்துக்கொள்ள முடியாது. அப்புறம் அவர்கள் முற்றத்தில் ஒரு அறை, காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து அடுப்பு மூட்டும் பழைய மருமகள் வேலை, அதுவும் இந்த வயதில். ஆக வண்டியின் கோளாறு என்னவென்று தெரிந்துகொள்வது எனக்கு வெறும் ஆர்வமாக இருக்கவில்லை.

முதலில் கொஜோஷிடம் கொண்டுபோனேன், பாலத்தடியில் பட்டறை வைத்திருக்கிறானே, உன்னோடு படித்தவளின் அண்ணன். அவன் பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தான், பாதிக்கும் கீழே இருந்தது, நிரப்பினான். சக்கரத்தின் உட்பக்கம் ஈரமாக வழிந்திருப்பதைக் காட்டினேன். விரலால் தொட்டு முகர்ந்துவிட்டுச் சிரித்தான். "இது உங்க பீப்பாய் அக்கா. இந்தச் சக்கரம் நல்லாக் குடிச்சிருக்கு, அதான் நிக்க மாட்டேங்குது" என்றான். பட்டறையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் அவன் நிரப்பியது அடுத்த வாரமே மறுபடி குறைந்திருந்தது. பெகிமாய், திரவம் மாயமாகப் போகாது. குறைந்தால் அது வேறெங்கோ இருக்கிறது, அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். கண் பட்டால் எந்தப் பாத்திரத்திலும் அளவு குறைந்து நான் பார்த்ததில்லை.

பீப்பாயைத் தூக்கிச் சமையலறையில் வைத்தேன். சக்கரத்தை வெந்நீர் ஊற்றிக் கழுவித் துணியால் துடைத்துக் காயவிட்டேன், நாலு சக்கரத்துக்கும் கீழே வெள்ளைத்தாள் விரித்தேன். உன் அப்பா விறகு அளந்த கட்டையை எடுத்து, இருக்கைக்கும் பிரேக் பெடலுக்கும் நடுவில் முட்டுக்கொடுத்து, பெடலை அழுத்தியபடியே நிறுத்திவிட்டு உள்ளே போய்ச் சூப்பு வைத்தேன். திரும்பி வந்து பார்த்தால் கட்டை தளர்ந்து விழுந்து கிடக்கிறது, இடது பின்சக்கரத்தின் உட்பக்கம் நனைந்திருக்கிறது, தாளிலும் ஒரு வட்டம். பீப்பாயோ சமையலறையில். அதற்கு மேலும் சந்தேகம் வேண்டாம் என்று மூன்று ஜாம் பாட்டிலில் தண்ணீர் எடுத்தேன். ஒன்றில் எஞ்சின் ஆயில் ஒரு சொட்டு விட்டேன், மேலே மிதந்தது. ஒன்றில் குதிரைப்பால், வெள்ளையாகக் கலங்கியது. மூன்றாவதில் சக்கரத்திலிருந்து வழித்த சொட்டு. அது சர்க்கரைப்பாகு போலத் தண்ணீரில் இறங்கிக் கரைந்து காணாமல் போனது. பிரேக் ஆயில் என்று பெயரே தவிர அது எண்ணெய் இல்லை, தண்ணீரோடு கலந்துவிடும். அந்தப் பாட்டில்களை உடனே தூக்கி எறிந்துவிட்டேன், அது விஷம். இதை எல்லாம் வீட்டு வாசலில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் பெரியம்மா நின்று, "ஏண்டி சாய்ரா, சக்கரத்துக்கு மூத்திரப் பரிசோதனையா?" என்று கேட்டார். ஆமாம் அக்கா, வியாதி தெரிந்துவிட்டது என்றேன்.

சக்கரத்தைக் கழற்றினேன். பிரேக்கை மூடியிருக்கும் இரும்பு டிரம் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது, சுத்தியலால் சுற்றிலும் தட்டித் தட்டி எடுத்தேன். உள்ளே, சக்கரத்துக்குள் இருக்கும் சின்ன சிலிண்டரின் ரப்பர் மூடியை நகத்தால் தூக்கியதும் குபுக்கென்று ஊற்றியது. துருவேறி ரப்பர் தேய்ந்து, உள்ளேயே கசிந்து, பிரேக் கட்டைகள் ஊறிப் போயிருந்தன. ஊறிய கட்டையைக் கழுவிப் போடலாம் என்று கொஜோஷ் சொல்வான், கேட்கக் கூடாது, அது மறுபடி பிடிக்காது. நாரின் சந்தையில் உதிரிபாகம் விற்கும் அந்த இரும்புப் பெட்டிக் கடைக்குப் பக்கத்து வீட்டு லாரியில் போய், புது சிலிண்டரும் இரண்டு பக்கத்துக்கும் கட்டைகளும் வாங்கி வந்தேன். "யாருக்கு அக்கா, வீட்டுக்காரர் வரலையா?" என்று கடைக்காரன் கேட்டான். வரமாட்டார், எடுத்துக் கொடு என்றேன். குழாயைப் பிடித்திருந்த நட்டு துருவில் இறுகியிருந்தது, மண்ணெண்ணெய் விட்டு ஒரு நாள் பொறுத்தேன். அவசரப்பட்டிருந்தால் குழாயே முறுக்கிக்கொண்டு உடைந்திருக்கும். எல்லாவற்றையும் மாட்டி முடித்தது நேற்று. இன்று காலையில் மிச்சம் இருந்தது ஏர் எடுப்பது ஒன்றுதான்.

குழாய்க்குள் காற்று புகுந்திருக்குமே, அதை வெளியேற்றாவிட்டால் பெடல் மெத்தென்றே இருக்கும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும், அந்த நேரத்தில் மற்றவர் சக்கரத்தில் சின்ன திருகைத் திறந்து காற்றை விட்டுவிட்டு மூட வேண்டும், அதுவரை மிதித்தவர் காலை எடுக்கவே கூடாது, எடுத்தால் வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். அப்பா இருந்தவரை மிதிப்பது எப்போதும் என் வேலை. அவர் வண்டிக்கு அடியிலிருந்து மிதி, பிடி, விடு என்று கத்துவார், நான் மேலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மிதிப்பேன். இன்று அடியில் நான். மேலே யார்? பெரியம்மாவுக்கு முழங்காலில் அறுவைசிகிச்சை ஆன பிறகு அந்தக் கால் மடங்காது. யாரைக் கூப்பிடலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே உன் பெரியப்பா வாசலில் வந்து நின்றார், கையில் ஆட்டின் கயிறு. வண்டிக்கு அறுக்க வேண்டிய ஆடு. அதை நம் கதவில் கட்டினார், கட்டிய உடனே அது என் முட்டைக்கோஸைத் தின்ன ஆரம்பித்தது. அவர் நேராகப் போய் வண்டிக் கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, தனதாகிவிட்டது போல ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

உனக்கு நம் வீட்டு வழக்கம் தெரியும். நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் பெயரை வாயால் சொன்னதில்லை, இந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. அவர் முன்னால் குரலை உயர்த்தியதில்லை. அவரிடம் நேராகப் பேசியதுகூட இல்லை, டீ வேண்டுமா என்பதைக்கூடப் பெரியம்மாவைப் பார்த்துத்தான் கேட்பேன், அவரும் பதிலைப் பெரியம்மாவைப் பார்த்தே சொல்வார். மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும்போதும் அப்படித்தான். எனக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததில்லை. ஆனால் அதே முறையில் ஏர் எடுக்க முயன்றோம் பார், அது ஒரு கூத்து. நான் சக்கரத்தடியில் படுத்துக்கொண்டு பெரியம்மாவிடம் மெதுவாக, "அக்கா, பெடலை மிதிச்சுப் பிடிக்கச் சொல்லுங்க" என்பேன். பெரியம்மா ஜன்னலுக்குப் போய், "கேட்டுச்சா, மிதிக்கணுமாம்" என்பார். அவர், "எதை?" என்பார். "எதையோ, கீழ இருக்கறதை" என்பார் பெரியம்மா. அவர் மிதிப்பார். நான் திறப்பேன். பிடிச்சுக்கச் சொல்லுங்க என்று நான் சொல்லி, அது ஜன்னல் வரை போய்ச் சேர்வதற்குள் அவர் காலை எடுத்துவிடுவார். சளக்கென்று காற்று உள்ளே போகும். மறுபடி முதலிலிருந்து. டப்பாவில் ஆயில் வற்றிக்கொண்டே வருகிறது, நான் எழுந்து போய் நிரப்பிவிட்டு வந்து படுக்கிறேன், மறுபடி அதே கதை. கடைசியில் அவர் ஜன்னல் வழியாக, "அவகிட்டச் சொல்லு, இது ஆகாது. சாவியைக் குடுத்துட்டு ஆட்டை அறுக்கற வழியப் பாக்கட்டும். எம் தம்பி இருந்தா வேற, அவனுக்குத் தெரியும்" என்றார்.

அந்தத் தம்பிக்காக எத்தனை வருஷம் பெடல் மிதித்தவள் நான். வண்டிக்கு அடியிலிருந்து, அவரைப் பார்த்தே, ஊருக்கே கேட்கும்படி, "இறங்காதீங்க! மிதிங்க!" என்று கத்தினேன். ஆடு மெல்லுவதை நிறுத்தியது. பெரியம்மா வாயில் இருந்த விதையைத் துப்ப மறந்துவிட்டார். அப்புறம் பெடல் இறங்கும் சத்தம் கேட்டது. மிதித்திருந்தார். "பிடிங்க! நான் சொல்ற வரைக்கும் காலை எடுக்கக் கூடாது!" திறந்தேன், குமிழ் குமிழாகக் காற்று வந்தது, மூடினேன். "இப்ப விடுங்க! மறுபடி மிதிங்க!" என் குரல் அவ்வளவு பெரிது என்று எனக்கே தெரியாது. அவர் மிதித்தார், பிடித்தார், விட்டார். குமிழ் வருவது நின்று சுத்தமான திரவம் வந்தது. நாலு சக்கரத்தையும் முடித்தோம். பெரியம்மா மட்டும் நடுவில் ஒரு தடவை, "அடியே, மெதுவா, மனுஷனுக்கு ரத்தக்கொதிப்பு இருக்கு" என்றார். இருக்கட்டும் அக்கா, எனக்கும் இருக்கிறது என்றேன்.

முடித்துவிட்டு எழுந்து, முகத்தில் கரியோடு, எஞ்சினைப் போட்டுப் பெடலை மிதித்துக் காட்டினேன். உயரத்திலேயே கல் மாதிரி நின்றது. வாசலுக்கும் பாலத்துக்கும் நடுவில் ஓட்டி ஓட்டி நிறுத்திக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பெரியம்மாவைப் பார்த்து, "நம்ம ரோட்டுல நிக்கறது பெரிசா? நாளைக்குக் கொச்கோர்ல நெனவு விருந்து இருக்கு. தோலோன் கணவாய் எறக்கத்துல நிக்கட்டும், அப்பப் பாக்கலாம். அங்க பிடிக்கலைன்னா சாவி எங்கிட்ட" என்றார். நான் சரி என்றேன், பெரியம்மாவைப் பார்த்து அல்ல. அவர் போன பிறகு நாலு சக்கரத்துக்கும் கீழே புதுத்தாள் விரித்திருக்கிறேன். யாரையும் நம்புவதில்லை என்று நீ கேலி செய்வாயே, என் கையையும் நான் நம்புவதில்லை. காலையில் தாள் ஈரமாக இருந்தால் அவர்கள் யாரும் என் வண்டியில் ஏறமாட்டார்கள், அதை நானே சொல்லிவிடுவேன். காய்ந்திருந்தால் ஓட்டுவேன். சக்கரத்தில் ரத்தம் தடவ விடமாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். மூடநம்பிக்கை என்பதற்காக இல்லை, ஈரமாக எதைத் தடவினாலும் அப்புறம் கசிவு தெரியாது. வாசலில் தூபம் போட்டுக்கொள்ளட்டும், புகைக்கு நான் தடை சொல்லவில்லை.

உனக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். அறையில் உடன் இருக்கும் பெண்கள் சொல்வதற்காக எதையும் செய்யாதே, நான் சொல்வதற்காகவும் செய்யாதே, சோதித்துப் பார்த்துச் செய். எப்போதாவது நீ வண்டி வாங்கினால் முதலில் அந்த டப்பாவைத் திறந்து பார். நீ நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும், உன் பாதை தடையில்லாமல் வெண்மையாக இருக்க வேண்டும், உன் சொந்த வாசலில் உன் சொந்தச் சாவியோடு நிற்க வேண்டும், அதற்கு மேல் எனக்கு வேண்டுதல் இல்லை. காலுறையை மறக்காமல் போடு. பொட்டலத்தைக் கொச்கோரில் பேருந்து ஓட்டுநரிடம் கொடுப்பேன், வந்து சேர்ந்ததும் சொல்.

உன் அம்மா,
சாய்ரா

சனிக்கிழமை, கொச்கோரில், வண்டிக்குள்ளிருந்து.

உறையை ஒட்டுவதற்கு முன் இதையும் எழுதிவிடுகிறேன். காலையில் நாலு தாளும் காய்ந்திருந்தன. பெரியப்பா முன்னிருக்கையில், பெரியம்மா காலை நீட்டிக்கொண்டு பின்னால். கணவாய் மேல் புதுப்பனி லேசாக இருந்தது. இறக்கம் முழுக்க அவர் தன் காலைத் தரையில் ஊன்றி மிதித்துக்கொண்டே வந்தார், அந்தப் பக்கம் பெடல் இல்லை என்று நான் சொல்லவில்லை. பாதி இறக்கத்தில் வளைவைத் திரும்பியதும் ரோட்டை அடைத்துக்கொண்டு குதிரைக்கூட்டம். மிதித்தேன். வண்டி நின்றது. முதல் குதிரை எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குதிரைகள் கடக்கட்டும் என்று அவர் இறங்கிப் பின்னால் போனார், போனவர் அங்கேயே குனிந்து நின்றுவிட்டார். கண்ணாடியில் பார்த்தேன். இடது பின்சக்கரம் நனைந்திருந்தது.

பெடலை மறுபடி மிதித்தேன், உயரத்திலேயே நின்றது. அப்புறம்தான் பின்னால் பெரியம்மா முனகியது காதில் விழுந்தது: "விருந்துக்கு வெறுங்கையோடவா போறதுன்னு நாந்தான் பீப்பாயை ஏத்தச் சொன்னேன். நீ திட்டுவேன்னு துணி போட்டு மூடினேன்." பெரியப்பா விரலால் சக்கரத்தைத் தொட்டு, முகர்ந்து, நான் கூடாது என்று கத்துவதற்குள் நக்கியும் பார்த்துவிட்டார். பிறகு என் பக்கத்து ஜன்னலுக்கு வந்து, பெரியம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "குதிரைப்பால். போ" என்றார். நான் அதை நம்பவில்லை. இறங்கிப் போய் நானும் முகர்ந்து, தண்ணீர் ஊற்றியும் பார்த்தேன். வெள்ளையாகக் கலங்கியது.

விருந்தில் அவர் மாப்பிள்ளை வந்து, வண்டியை இன்றைக்கே எடுத்துக்கொண்டு போகவா என்று அவரிடம் கேட்டான். அவர் இறைச்சியிலிருந்து தலையைத் தூக்காமல், "அது அவ வண்டி. வேணும்னா அவகிட்டப் போய்க் கேளு. ஆனா கொஞ்சம் தள்ளி நின்னு கேளு" என்றார். மாப்பிள்ளை வந்து கேட்டான். தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.